சிவப்பு முதலில், வெள்ளை பிறகு

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், மார்க்கெட் ஹார்பரோ ஊருக்குப் பக்கத்தில் ஒரு சரிவு. அதில் கோயில் குளத்துப் படிகள் மாதிரி பத்துத் தொட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிப்போகின்றன. படகை ஏற்றி இறக்கும் இந்தத் தொட்டிகள்தான் ஃபாக்ஸ்டன் லாக். கிராண்ட் யூனியன் கால்வாயின் லெஸ்டர் கிளையில் வரும் படகு, 1814 முதல், இங்கேதான் 75 அடி ஏறியோ இறங்கியோ ஆக வேண்டும்.

ஐந்தைந்து லாக்குகளாக இரண்டு வரிசை. மேல் தொட்டியின் கீழ்க்கதவே கீழ்த்தொட்டிக்கு மேல்கதவு. நடுவே திரும்ப வழியில்லை. ஏறுகிற படகும் இறங்குகிற படகும் விலகிக்கொள்ள, இரண்டு வரிசைக்கும் இடையில் ஒரே ஒரு குட்டை. தொட்டியின் அகலம் சுமார் 7 அடி. நம் ஊர் பஸ்கூட நுழையாது. நீளமோ இரண்டு பஸ் நீளம் இருக்கும். நேரோபோட் என்ற படகே இந்த அளவுக்காகப் பிறந்தது.

வேலை முழுக்கக் கையால்தான். எல் வடிவ இரும்புக் கைப்பிடியைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றினால் ஷட்டர் மேலே எழும். ஒவ்வொரு லாக்கிலும் ஒரு சிவப்பு ஷட்டர், ஒரு வெள்ளை ஷட்டர். சிவப்பைத்தான் முதலில் திறக்க வேண்டும். அப்போது லாக்கின் பக்கத்தில் தனியாக உள்ள குட்டையின் தண்ணீர் கீழ்த்தொட்டிக்குப் போய், குட்டையில் இடம் உண்டாகும். பிறகு வெள்ளையைத் திறந்தால் மேல்தொட்டித் தண்ணீர் அந்த இடத்தில் வந்து நிற்கும். மாற்றித் திறந்தால் குட்டை பொங்கி வழியும், தண்ணீர் வீண். ஒரு தொட்டி நிறைய ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. மேலே 20 மைல் சமதளக் கால்வாய்க்கு நேஸ்பி, சுல்பி, வெல்ஃபோர்ட் ஏரிகள்தான் ஆதாரம். எனவே லாக் காவலரிடம் சொல்லாமல் யாரும் உள்ளே நுழையக் கூடாது. முறைத்தண்ணீர் பாய்ச்சிய ஊர்க்காரர்களுக்கு இந்தக் கண்டிப்பு உடனே புரியும்.

பத்தையும் கடக்க முக்கால் மணி நேரம், கூட்டமிருந்தால் இன்னும் அதிகம். இந்தத் தாமதம் பொறுக்காமல்தான் 1900இல் பக்கத்திலேயே ஒரு சாய்தளம் கட்டினார்கள். கோர்டன் தாமஸின் வடிவமைப்பு. தண்ணீர் நிரம்பிய இரண்டு பெரிய இரும்புத் தொட்டிகள், படகுகளைச் சுமந்தபடி, தண்டவாளத்தில் ஒன்று ஏற மற்றது இறங்கும். பன்னிரண்டே நிமிடம். ஆனால் நீராவி எஞ்சினை நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்கும் அளவுக்குப் படகுகள் வரவில்லை. 1911இல் ஓட்டம் நின்றது. 1928இல் இயந்திரங்கள் பழைய இரும்பாக விலைபோயின. இன்று அந்தச் சரிவில் புல்தான். கைப்பிடியும் இரண்டு நிற ஷட்டரும் இரண்டு நூற்றாண்டைத் தாண்டி இன்னும் வேலை செய்கின்றன. எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் அங்கே வேறெதுவும் இல்லை.

இறங்கி முடித்தால் அடிவாரத்தில் வந்துபோகும் படகுகளைக் கட்டும் துறை. குடிதண்ணீர்க் குழாய் உண்டு, சாப்பாட்டுக் கடை உண்டு. எத்தனை நாள் தங்கலாம் என்று கரையில் பலகை இருக்கும்; அது இல்லாத பொதுக் கரைகளில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாள். அதற்குமேல் நகர்ந்துவிட வேண்டும். லாக்கை ஒட்டிய கரையில் மட்டும் யாரும் கட்டிப்போடக் கூடாது. அது அடுத்துக் காத்திருப்பவருக்கான இடம். மற்ற விதிகளை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நான் பார்த்த மாலையில் ஒரு வயதான தம்பதி வந்து சேர்ந்தார்கள். கணவர் சுக்கானில், அந்த அம்மா கயிற்றோடு கரையில் குதித்தார். முன்பக்கம் ஒரு கட்டு, பின்பக்கம் ஒரு கட்டு. படகு அசையாமல் நின்றதும் எஞ்சின் அடங்கியது. கணவர் அடுப்பில் கெட்டில் வைத்தார். அந்த அம்மா, காலையில் மேலே ஏறத் தங்கள் முறை எத்தனையாவது என்று கேட்க, காவலரைத் தேடிச் சரிவில் நடந்தார்.