ஆங்கிலச் சொற்களின் அசையும் அழுத்தமும்

யாழ்ப்பாணத்தில் ஆங்கில இலக்கணத்தைப் பழுதறக் கற்ற நம்மவருட் பலர், இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாய் திறந்தபொழுது, கேட்டோர் ‘மீண்டும் சொல்லுக’ என்று வேண்டக் கண்டு திகைத்ததுண்டு. சொல்லும் இலக்கணமும் செவ்வனே அமைந்திருக்க, குறை அழுத்தத்திலே கிடக்கும். இதனை நமது இலக்கணக் கண் கொண்டே நோக்குவோம்.

‘சிலபிள்’ என்பதை அசை எனப் பெயர்த்து வழங்குகின்றோம். எனினும் இரண்டும் முற்றும் ஒன்றல்ல. ‘தமிழ்’ என்பது யாப்பில் ஒரே நிரையசை. உயிரொலி இரண்டாதலின் ஆங்கில முறையில் இரண்டசை. வாழைப்பழத்தைக் குறிக்கும் ‘பனானா’ அவர்க்கு மூன்றசை. நமக்கு நிரை நேர் என இரண்டே. வாழைப்பழம் நம் யாப்பிற் புளிமாவாய் விடுவது ஒரு வேடிக்கை!

இனி, சொல்லுறுப்பு. நன்னூலை நாவலரவர்களின் காண்டிகையுரையோடு பயின்ற எமக்குப் பகுபத உறுப்புக்கள் ஆறும் பழகியவை. ‘நடந்தனன்’ என்பதிற் சந்தித் தகரம் நகரமாய்த் திரிந்தமை விகாரம் என்போம். ஆங்கிலச் சொற்களுக்கும் உறுப்புண்டு. அவை அசையோடு எப்போதும் ஒத்து நில்லா. ‘ஹெலிகொப்ரர்’ கிரேக்க மூலத்திற் சுருள் எனப் பொருள்படும் ‘ஹெலிகோ’வும் சிறகு எனப் பொருள்படும் ‘ப்தெரோன்’ என்பதும் இணைந்தது. ஆங்கிலம் பேசுவோரே இதனை மறந்து, அது இறங்குமிடத்தை ‘ஹெலிபோட்’ என்றனர்.

அழுத்தமே நமக்குப் புதிது. ஒளியைக் குறிக்கும் ‘ஃபோட்டோ’, எழுதுதலைக் குறிக்கும் ‘கிராஃப்’ இரண்டும் சேர்ந்த சொல்லில் முதலசை அழுந்தும்: ஃபோட்டகிராஃப். கலையைக் குறிக்கும் ஈறு சேரின் இரண்டாமசை அழுந்தும்: ஃபட்டொகிரஃபி. ‘இக்’ சேரின் மூன்றாமசை: ஃபோட்டகிராஃபிக். அழுத்தம் நீங்கிய உயிர் தன்னுருவிழந்து மங்கும். ‘நடந்தனன்’ என்பதன் விகாரம் எழுத்திலே தோன்றுகின்றது. ஆங்கிலத்திலோ எழுத்து மாறாது நிற்க ஒலி மாத்திரம் திரிகின்றது. எழுத்தை நம்பி ஒவ்வோர் உயிரையும் நிறைவாக ஒலிக்கும் நம் மாணவன் இடர்ப்படுவது இங்கேயாம். நமது குற்றியலுகரத்தை இதற்கு ஒருபுடை ஒப்பாகக் கூறலாம்: ‘நாடு’ என்பதன் ஈற்றுகரம் எழுத்திற் குறையாது, ஒலியில் அரை மாத்திரையாய்க் குறுகும்.

‘இக்’, ‘ஷன்’ என முடியும் சொற்களிற் பெரும்பாலும் அவ்வீற்றுக்கு முந்திய அசை அழுந்தும். ‘எடியுகேஷன்’ என்பதில் ‘கே’ அழுந்துதல் காண்க. ‘கத்தோலிக்’, ‘அரபிக்’ போல்வன முதலசை அழுந்தும் புறனடைகள். ‘றெக்கோட்’ பெயராயின் முதலசை அழுந்தும். வினையாயின் ஈற்றசை அழுந்தி, முதலுயிர் மெலிந்து ‘றிக்கோட்’ என நிற்கும். எழுத்தில் இரண்டும் ஒன்றே. இக்கால ஆங்கில அகராதிகள் பலவும் அழுந்தும் அசைக்கு முன்னே, மேற்புறத்தில், ஒரு சிறு கோடு இடுகின்றன. பழைய பதிப்புக்கள் சிலவற்றில் அக்கோடு அசைக்குப் பின்னே நிற்கும்.