எத்தனை நாளைக்கு இந்தத் தலைச்சுற்றல் மாத்திரை?

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலர், அடிவாரத்தில் வண்டி நிற்கும்போதுதான் கைப்பையைத் திறந்து மாத்திரையைத் தேடுகிறார்கள். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு ஜன்னலோரம் சாய்ந்துகொள்கிறார்கள். சில வளைவுகளுக்குள் குமட்டல் வந்துவிடுகிறது. மாத்திரையும் சேர்ந்தே வெளியே வருகிறது. "மாத்திரை போட்டும் நிக்கலையே" என்று நொந்துகொள்கிறார்கள். மாத்திரை சரியானதுதான். அது வேலை செய்ய நேரம் கொடுக்கப்படவில்லை.

சில வீடுகளில் நிலைமை நேர் எதிராக இருக்கும். அறுபத்தைந்து வயதுக்காரர் ஒரு நாள் காலை எழும்போது வீடே சுற்றியிருக்கிறது. டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சுற்றல் நின்றது. ஆனால் "மறுபடி வந்துட்டா?" என்ற பயத்தில் காலி அட்டையை மருந்துக்கடையில் காட்டிக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார். பயணத்துக்கு மாத்திரை போடுபவர் பிந்தித் தொடங்குகிறார். தலைச்சுற்றலுக்குப் போடுபவர் நிறுத்துவதே இல்லை. இந்த மருந்துகளால் வரும் தொல்லையில் பெரும்பகுதி இந்த இரண்டு தவறுகளில் அடங்கிவிடுகிறது.

பயண வாந்தி, தலைச்சுற்றல் இரண்டுக்கும் பெரும்பாலும் பிறப்பிடம் உள்காது. ஒவ்வொரு காதுக்குள்ளும் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலையைத் திருப்பும்போது திரவம் சற்றுப் பின்தங்கும். அந்த இழுப்பை நுண்மயிர்ச் செல்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்லும். குழாய்கள் கூடும் இடத்தருகே இரண்டு சிறு பைகள். அவற்றில் ஒரு பசைப்படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். முன்னே பின்னே நகர்வதையும், எது மேல் எது கீழ் என்பதையும் இவைதான் அறிவிக்கின்றன.

ஓடும் பஸ்ஸில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், "அசைகிறோம்" என்கிறது காது. "அசையவில்லை" என்கிறது கண். இந்த முரண்பாடு மூளைத்தண்டில் உள்ள வாந்தி மையத்தைத் தூண்டிவிடுகிறது. பித்தம் என்று வயிற்றின் மேல் பழி போட்டாலும் தொடக்கம் வயிற்றில் இல்லை. 1882-இலேயே அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாதவர்களில் பலருக்குக் கடற்பயணக் குமட்டல் வருவதில்லை என்று கவனித்து எழுதினார். சமநிலை உறுப்பு அறவே வேலை செய்யாதவருக்கு எந்தக் கப்பலும் குமட்டாது.

பயண வாந்திக்கு மாத்திரை கிடைத்த கதை சுவையானது. 1947-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், தோல் தடிப்புக்காக டைமென்ஹைட்ரினேட் என்ற ஒவ்வாமை மருந்தைச் சாப்பிட்ட பெண் ஒருவர், டிராம் வண்டியில் எப்போதும் வரும் குமட்டல் இப்போது வரவில்லை என்றார். லெஸ்லி கே, பால் கார்லினர் என்ற இரண்டு மருத்துவர்கள் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில், நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குக் கொந்தளிக்கும் அட்லாண்டிக்கில் போன ராணுவக் கப்பலில், படைவீரர்களில் சிலருக்கு மருந்தையும் சிலருக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பலித்தது. நோயாளி போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியத்தைத் தட்டிக்கழிக்காத மருத்துவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

அவோமின் என்ற பெயரில் நம் ஊர்ப் பயணிகளுக்குப் பழகிப்போன புரோமெத்தசினும் ஒவ்வாமை மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மூளைக்குள் நுழைந்து, அங்கே ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் ஆகியவற்றின் செய்திகளை இது அடக்குகிறது. தூக்கம் வருவதும் அதனால்தான். கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "அண்ணே, பஸ் வாந்திக்கு ஒரு மாத்திரை குடுங்க. தூக்கம் வராததாப் பாத்துக் குடுங்க." தூக்கம் தராத புதிய ஒவ்வாமை மாத்திரைகள் மூளைக்குள் அதிகம் போவதில்லை, ஆகவே பயண வாந்திக்கும் அவை உதவுவதில்லை. இங்கே தூக்கக் கலக்கத்தை ஏற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும். ஏற்றுக்கொண்டால், அன்று வண்டி ஓட்டக்கூடாது, மது கூடவே கூடாது. ஜலதோஷ மாத்திரை, அரிப்பு மாத்திரை, தூக்க மாத்திரை இவற்றோடு சேர்த்தால் கலக்கம் இரட்டிப்பாகும் என்பதையும் மறக்கக்கூடாது.

புரோமெத்தசினை நெடும்பயணத்துக்கு முந்தைய இரவே போட்டுக்கொள்ளலாம். குறும்பயணம் என்றால் ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு. பயண வாந்திக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான சின்னரிசினுக்கு இரண்டு மணி நேரம். குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பை தன் வேலையை மெதுவாக்கிவிடும். அதன்பின் விழுங்கிய மாத்திரை குடலுக்குப் போய் ரத்தத்தில் கலப்பதே தாமதமாகும். வாந்தி என்றதும் பலர் கைவைக்கும் ஆன்டன்செட்ரான், கீமோ சிகிச்சையின் வாந்தியை நன்றாகத் தடுக்கும். பயண வாந்தியைத் தடுப்பதில்லை. அந்த மாத்திரையோடு மலையேறுகிறவர் வெறுங்கையோடு ஏறுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் கண்டிப்பு தேவை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது. மூச்சு அடங்கி உயிரிழப்பு நேர்ந்ததால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் பதித்தது. அந்த வயதில் பயண வாந்தி வருவதும் அரிது. பெரிய குழந்தைகளுக்கும் டாக்டர் சொன்ன அளவுதான். பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்து உத்தேசமாகக் கொடுப்பது வேண்டாம். கண்ணில் குறுகிய கோணக் கிளாக்கோமா உள்ளவர்களும், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படுபவர்களும் கேட்காமல் போடக்கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே.

மாத்திரையே இல்லாமல் பலரால் சமாளித்துவிட முடியும். முன் இருக்கையில் அமர்ந்து தூரத்துச் சாலையைப் பார்ப்பது, போனை உள்ளே வைப்பது, அரைவயிறு உணவு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் நடுப்பகுதியில் இடம் பார்த்து, தொடுவானத்தில் கண்ணை வைத்திருந்தால் பாதித் தொல்லை குறையும்.

வீடே சுற்றும் தலைச்சுற்றல் வேறு சங்கதி. அது ஒரு நோயின் பெயர் அல்ல. பல நோய்களின் அறிகுறி. நடுவயதுக்கு மேல் அதிகம் காணப்படும் ஒரு காரணத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மேலே சொன்ன கால்சியம் துகள்கள் சில இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. படுக்கையில் புரளும்போது, பரணை அண்ணாந்து பார்க்கும்போது அவை உருள, அறை சுற்றுகிறது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். காதின் சமநிலை ஆய்வுக்காக 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாராணி இதை 1921-இல் விவரித்தார். பரிசுச் செய்தி அவருக்கு எட்டியது ரஷ்யப் போர்க்கைதி முகாமில்.

அரை நிமிடம் வந்து போகும் சுற்றலுக்கு நாளெல்லாம் மாத்திரை எதற்கு? எந்த மாத்திரையும் துகளை நகர்த்தாது. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வேறு வழி கண்டார். நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்து, பாதித்த காதின் பக்கம் தலையை 45 பாகை திருப்பி, அப்படியே மல்லாக்கச் சாய்த்து, தலை விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி பிடிக்கிறார் மருத்துவர். கண்மணிகள் துடிக்கும், சுற்றல் வரும், அடங்கும்வரை காத்திருக்கிறார். பிறகு தலையை மெல்ல மறுபக்கம் திருப்புகிறார். அடுத்து உடம்பையும் அந்தப் பக்கமே ஒருக்களிக்கச் செய்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி வைக்கிறார். கடைசியில் எழுப்பி உட்காரவைக்கிறார். துகள் குழாயைச் சுற்றிவந்து பழைய பையிலேயே விழுந்துவிடுகிறது. சில நிமிடம்தான். சக மருத்துவர்கள் இதை எளிதில் நம்பவில்லை; 1992-இல் எப்லியின் விரிவான கட்டுரை வெளிவந்தது. இன்று முதல் சிகிச்சையே இதுதான். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் வீடியோ பார்த்து வீட்டில் முயலக்கூடாது. எந்தக் காது, எந்தக் குழாய் என்பதை முதலில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

சமநிலை நரம்பு அழற்சியில் கதை மாறும். சுற்றலும் வாந்தியும் நாள்கணக்கில் நீடிக்கும். முதல் இரண்டு மூன்று நாள் புரோக்ளோர்பெரசின் போன்ற மருந்து அவசியமே. அந்த வேதனையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது இரக்கமில்லாத செயல். ஆனால் வாந்தி நின்றதும் மருந்தை நிறுத்தி எழுந்து நடக்க வேண்டும். ஒரு பக்கக் காதிலிருந்து வரும் செய்தி குறைந்துவிட்டதை மூளை கண்டுகொண்டு, தன் கணக்கைத் திருத்திக்கொள்வது தலை அசையும்போதுதான். கட்டைவிரலைக் கண்ணெதிரே நிறுத்தி, பார்வையை அதிலேயே வைத்துத் தலையை இடவலமாகத் திருப்புவது போன்ற பயிற்சிகள் அதற்குத் துணை. மாத்திரை அந்தச் செய்தியையே மங்கவைப்பதால், தொடர்ந்து சாப்பிட்டால் தள்ளாட்டம் நீளும். நோயை அடக்குவதாக நினைத்துக் குணமாவதைத் தள்ளிப்போடுகிறோம்.

முதியவர்களுக்கு இன்னும் பெரிய அபாயம் இருக்கிறது. சின்னரிசின், புரோக்ளோர்பெரசின் இரண்டும் மூளையில் டோபமினைத் தடுப்பவை. மாதக்கணக்கில் போனால் கை நடுங்கும், நடை குறுகும், முகம் இறுகும். பார்க்கின்சன் நோய் போலவே இருக்கும். அதை வயதின் கோளாறு என்று எண்ணி, நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை தொடங்கிவிடுவதும் நடக்கிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. பெரும்பாலோருக்கு முதல் மாத்திரையை நிறுத்தினாலே வாரங்களிலோ மாதங்களிலோ நடுக்கம் குறையும். உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் புதிதாக நடுக்கம் வந்திருந்தால் மாத்திரைப் பெட்டியை டாக்டரிடம் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பீட்டாஹிஸ்டின் அதிகம் எழுதப்படும் மருந்து. தூக்கம் தராது என்பது அதன் நல்ல குணம். காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் சேர்ந்து வரும் மெனியர் நோய்க்கு இதை 221 பேரிடம் ஒன்பது மாதம் சோதித்த ஜெர்மானிய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் தாக்குதல்கள் ஒரே மாதிரி குறைந்தன. பலன் தெரிகிறது என்பவர் டாக்டர் மேற்பார்வையில் தொடரட்டும். ஆண்டுக்கணக்கில் பழக்கமாகச் சாப்பிடுவதற்குச் சான்று போதாது. ஆஸ்துமா, வயிற்றுப்புண் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சில சுற்றலுக்கு மாத்திரையைத் தேடி நேரத்தை வீணாக்கவே கூடாது. பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் ஒரு பக்கம் கோணுவது, கை கால் மரத்தல், இதுவரை இல்லாத கடும் தலைவலி, பிடிப்பில்லாமல் நிற்கவே முடியாமை — இவற்றில் ஒன்று கூட இருந்தாலும் அது மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். எழுந்து நின்றால் மட்டும் கண் இருட்டுகிறது என்றால் காரணம் காதில் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையின் அளவு கூடிப்போயிருக்கலாம்.

டாக்டரிடம் போகும் நாளில் சுற்றல் இருக்காது, விளக்கவும் வராது. சுற்றல் வரும்போது அருகில் இருப்பவர் நல்ல வெளிச்சத்தில் நோயாளியின் கண்களைச் செல்போனில் அரை நிமிடம் படமெடுத்து வைத்தால், கண்மணி எந்தப் பக்கம் துடிக்கிறது என்பதைப் பார்த்தே மருத்துவர் பாதி விஷயத்தைக் கண்டுகொள்வார். சீட்டு எழுதி முடித்ததும் "இதை எத்தனை நாளைக்குப் போடணும் டாக்டர், எப்போ நிறுத்தணும்?" என்று கேட்டு, அந்தத் தேதியை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.