ஓடாத யந்திரமும் உற்பத்திக் கணக்கும்

சென்னை மெயிலில் வந்து ஹவுராவில் இறங்கும் நாம், பாலத்தையும் ஆற்றையும் பார்த்தவாறே கல்கத்தாவுக்குச் சென்றுவிடுகிறோம். இப்பக்கத்தில் பெலிலியஸ் சாலையிலே கடைசல் பட்டறைகள் நெருங்கி நிற்பதைக் கவனிப்போர் சிலரே. ஒரு கடைசல் யந்திரம் எவ்வளவு வேலை செய்யக்கூடும், எவ்வளவு செய்கிறது என்னும் இரு கேள்விகளைத்தான் செல்வ நாடுகளும் தம்மைக் குறித்துக் கேட்டுக்கொள்கின்றன. முதற் கேள்விக்குரிய விடையை ‘இயலும் உற்பத்தி’ எனலாம். இராப்பகல் ஓயாது உழைத்துப் பெறும் உச்ச அளவு அன்று அது. விலைவாசியைக் கிளப்பிவிடாமல், ஆளும் யந்திரமும் தொடர்ந்து தாங்கக்கூடிய அளவாகும்.

இதனைக் கண்ணால் காண இயலாது, ஊகித்தே அறியவேண்டும். அமெரிக்கப் பொருளியலறிஞர் ஆர்தர் ஓகன் 1962-இல் ஒரு சுருக்கு வழி சொன்னார். நூற்றுக்கு 4 பேர் வேலையின்றி இருப்பதை அவர் தம் நாட்டுக்கு இயல்பான நிலையாகக் கொண்டார். அதற்கு மேல் ஒருவர் கூடினால் உற்பத்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறைகிறது என்றார். 6 பேர் வேலையற்றிருந்தால் இழப்பு சுமார் 6 சதவீதம். பின் வந்தோர் உழைப்பு, மூலதனம், இவ்விரண்டாலும் விளங்காமல் எஞ்சும் திறன் என மூன்றாகப் பிரித்துக் கணக்கிடுகின்றனர். அந்த மூன்றாவதில்தான் தகராறெல்லாம்!

நம் நாட்டில் ஓகன் வழி எளிதில் செல்லாது. பட்டறையில் வேலை இழந்தவர் மறுநாள் தெருவில் காய்கறி விற்கிறார். கணக்கெடுப்பவருக்கு அவர் வேலையில் இருப்பவரே.

1966-இல் திட்டம் தடைப்பட்டு, மூன்று ஆண்டுகள் ஆண்டுத் திட்டங்களாகவே நடந்தன. ரயில்வே வேகன் ஆர்டர்களைக் குறைத்தது. ஹவுராவின் வேகன் சாலைகளில் யந்திரமும் கைத்திறனும் இருந்தன; வாங்குவோர் இல்லை. அவ்வாண்டு இயலும் உற்பத்தி குறைந்ததா? இல்லை என்பதே நம் கருத்து. ஆனால் யந்திரம் துருப்பிடித்து, தொழிலாளி தொழிலை மறந்த பின்னர்க் கேட்டால் விடை மாறிவிடும்.

2008-இன் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவிலும் இதே ஐயம் எழுந்தது. மதிப்பீட்டாளர் இயலும் உற்பத்தியைத் திரும்பத் திரும்பக் குறைத்து எழுதினர். திறன் உண்மையாகவே அழிந்ததா, அல்லது தாழ்ந்துவிட்ட நடப்பின் பின்னே கணக்கும் தாழ்ந்ததா? இது ஏட்டுச் சண்டையன்று. இடைவெளி சிறிதென்று நம்பும் அரசு செலவைச் சுருக்குகிறது. சுருக்கினால் பட்டறை மூடுகிறது. குறைந்த மதிப்பீடு மெய்யாகிவிடுகிறது.

ஹவுராவின் பழைய பர்ன் கம்பெனி 1976-இல் பர்ன் ஸ்டாண்டர்டாக மாறிற்று. அதனை மூட மத்திய அமைச்சரவை 2018-இல் இசைந்தது.