மெல்லப் பழகும் வாய்

மூன்று வயதாகியும் இட்லியைக்கூட மிக்ஸியில் அடித்தால்தான் உள்ளே இறங்கும் என்கிற குழந்தைகள் உண்டு. ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் குமட்டித் துப்பிவிடும். வீட்டில் இதற்கு அடம் என்று பெயர். உணவுப் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளர்கள் பலமுறை வேறு காரணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்: அந்த வாய்க்கு மெல்லத் தெரியவில்லை.

பால் உறிஞ்சுவது பிறவியிலேயே வருவது. மெல்லுவது பழகி வருவது. நாக்கு உணவைப் பக்கவாட்டில் ஒதுக்கிக் கடைவாய்க்குத் தள்ள வேண்டும். தாடை அரைக்க வேண்டும். அரைத்ததைத் திரட்டி நாக்கே தொண்டைக்கு அனுப்ப வேண்டும். விழுங்கும் நொடியில் மூச்சு நிற்க வேண்டும். மூளையிலிருந்து நேரே வரும் நரம்புகளில் ஐந்து இணைகள் சேர்ந்து நடத்தும் வேலை இது. பிரிட்டனின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992 ஆண்டுகளில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கட்டியுள்ள உணவை 10 மாதத்துக்குப் பிறகே பார்த்த குழந்தைகளிடம் சாப்பாட்டுச் சிக்கல் கூடுதலாக இருந்தது. ஏழு வயதிலும் அது தெரிந்தது. மிக்ஸி நல்ல கருவிதான், ஆனால் அதை எப்போது ஓரம்கட்டுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

எல்லாப் பழியும் மிக்ஸிக்கில்லை. குறைமாதத்தில் பிறந்து டியூப் வழியே பால் குடித்தது, மூளை வாதம், ஆட்டிசம், அண்ணப் பிளவு, ஓயாத மலச்சிக்கல் என்று காரணங்கள் பல. அதனால் முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதோ என்ற சந்தேகம் இருந்தால், பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள்.

பயிற்சி பெரும்பாலும் காலில் தொடங்குகிறது! பாதம் ஊன்றப் பலகை உள்ள நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு நிலைக்கும். இடுப்பு நிலைத்தால்தான் தாடை அடங்கும். பிறகு, எச்சிலிலேயே கரையும் சோளப் பண்டத்தை விரல் நீளத்துக்குக் கடைவாய் ஓரத்தில் வைப்பார்கள். நாக்கு அதைத் தேடிப் பக்கவாட்டில் திரும்பும். புது உணவென்றால் தொடுவது, முகர்வது, நக்குவது, துப்புவது எல்லாமே அனுமதி. பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகே ஒரு சுவையை ஏற்கும் குழந்தைகள் ஏராளம். செல்போனைக் காட்டி வாயில் திணிப்பதைப் பயிற்சியாளர்கள் விரும்புவதில்லை. வயிறு நிறையலாம், வாய் எதையும் கற்காது.

சாப்பிடும்போது இருமல், ஈரம் கோத்த குரல், எடை ஏறாமை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. அங்கே 18 வயது வரை கட்டணம் கிடையாது.