கதிரை அளந்தவர்கள் – 6: காற்றிலிருந்து உடலுக்கு

மருந்தின் பயனும் கேடும் அதன் அளவைப் பொறுத்தவை என்பது சித்த மருத்துவம் முதல் இன்றைய மருந்தியல் வரை எல்லா மருத்துவ மரபுகளும் ஒப்புக்கொண்ட உண்மை. ஆனால், 1895-இல் கண்டறியப்பட்ட எக்ஸ் கதிர், அடுத்த சில மாதங்களிலேயே நோய் தீர்க்கும் கருவியாக மருத்துவமனைக்குள் நுழைந்தபோது, அதை எவ்வளவு கொடுப்பது என்று சொல்வதற்கு ஓர் அலகுகூட இருக்கவில்லை. நோயாளியின் தோல் சிவக்கும் வரை கதிரைச் செலுத்தி, அந்தச் சிவப்பையே அளவுகோலாகக் கொண்ட மருத்துவர்கள், ஒருவருடைய தோல் தாங்குவதை இன்னொருவருடைய தோல் தாங்காது என்பதைப் பல துன்பங்களுக்குப் பிறகே உணர்ந்தனர். 1928-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய பன்னாட்டுக் கதிரியல் மாநாடு ‘ரான்ட்ஜன்’ என்னும் அலகை ஏற்றுக்கொண்ட பின்னரே இத்துறைக்கு ஒரு பொது மொழி கிடைத்தது. குறிப்பிட்ட பருமனுள்ள காற்றின் வழியே கதிர் செல்லும்போது, அங்குள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்தெடுக்கப்பட்டு மின்னூட்டம் கொண்ட துகள்கள் உண்டாகின்றன. ‘அயனியாக்கம்’ எனப்படும் இந்நிகழ்வின் அளவே ரான்ட்ஜனுக்கு அடிப்படை.

இந்த அலகு பெரிய முன்னேற்றமாக இருந்தும், அதில் ஒரு குறை தங்கிவிட்டது. அது காற்றில் நிகழ்வதைச் சொன்னதே தவிர, நோயாளியின் தசையும் எலும்பும் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கிக்கொண்டன என்பதைச் சொல்லவில்லை. காற்றில் அளந்ததற்கும் உடலில் நிகழ்வதற்கும் இடையே இருந்த இந்த இடைவெளியை நிரப்புவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர், மருத்துவ இயற்பியலின் முன்னோடிகளுள் ஒருவரான லூயிஸ் ஹரால்ட் கிரே.

மிளகளவுப் பொந்து

1905 நவம்பர் 10 அன்று லண்டனை ஒட்டிய பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்த கிரே, உதவித்தொகையின் துணையால் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்னும் புகழ்பெற்ற பள்ளியிலும், பின்னர் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்று, ரூதர்ஃபோர்டின் தலைமையில் அணு இயற்பியலின் தலைமைப்பீடமாக விளங்கிய கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். காமா கதிர்களைப் பொருள்கள் எவ்வாறு உட்கவர்கின்றன என்று ஆராய்ந்த அவருக்கு, ஒரு திண்பொருளின் உள்ளே கதிர் விட்டுச்செல்லும் ஆற்றலை எப்படி அளப்பது என்ற கேள்வி முதன்மையானதாயிற்று. நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஹென்றி பிராக் 1912-இல் கோடிட்டுக் காட்டியிருந்த ஒரு கருத்தை, 1929-இலும் 1936-இலும் வெளியிட்ட கட்டுரைகளின் வழியே கிரே கணக்கின் உறுதியோடு வளர்த்தெடுத்தார். இருவர் பெயரையும் இணைத்து ‘பிராக்–கிரே கோட்பாடு’ என்று அது இன்றும் வழங்கப்படுகிறது.

அதன் சாரம் எளிது. உடல் திசுவை ஒத்த ஒரு பொருளின் நடுவே மிளகளவுக்கு ஒரு பொந்து செய்து, அதில் காற்றை நிரப்பிவைத்தால், கதிர் பட்டவுடன் சுற்றியுள்ள பொருளில் கிளம்பும் எலக்ட்ரான்கள் அந்தப் பொந்தையும் கடந்து செல்லும். எலக்ட்ரான்கள் பாயக்கூடிய தொலைவை நோக்கப் பொந்து மிகச் சிறியது என்பதால், அது இருப்பதனால் அவற்றின் ஓட்டம் குலைவதில்லை. உள்ளே உண்டாகும் அயனிகளை மின்னோட்டமாக அளந்துவிடலாம். காற்றில் ஓர் இணை அயனியை உண்டாக்க ஏறத்தாழ 34 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் செலவாகும் என்பது தெரியும். காற்றும் சுற்றியுள்ள பொருளும் எலக்ட்ரானின் வேகத்தைத் தடுக்கும் திறன்களின் விகிதமும் தெரியும். இம்மூன்றையும் பெருக்கினால், பொந்தைச் சுற்றியுள்ள பொருளின் ஒவ்வொரு கிராமும் எவ்வளவு ஆற்றலை ஏற்றது என்பது கிடைத்துவிடுகிறது.

இவ்வளவு நுட்பமான வழி எதற்கு, உடல் சூடாவதை நேரே அளந்துவிடலாமே என்று தோன்றலாம். பின்னாளில் இவர் பெயராலேயே அமைந்த அலகில் சொன்னால், மனித உடல் முழுவதும் ஒரே நேரத்தில் ஏற்றால் உயிருக்கே ஆபத்தாகும் 4 கிரே (கிலோகிராமுக்கு 4 ஜூல்) அளவுக் கதிர்வீச்சு, உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியசில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே உயர்த்துகிறது. ஒரு மிடறு சூடான காப்பி உடலுக்குத் தரும் வெப்பமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். காப்பியின் வெப்பம் உடலெங்கும் பரவிக் கரைந்துபோக, கதிரின் ஆற்றலோ உயிரணுவின் மரபுப்பொருளான டி.என்.ஏ. இழையில் ஓரிடத்தில் குவிந்து விழுந்து அதை அறுத்துவிடுகிறது. கேடு இத்தனை பெரிதாகவும் ஆற்றல் இத்தனை சிறிதாகவும் இருக்கும் இடத்தில், மிளகளவுப் பொந்தில் ஓடும் மின்னோட்டமே நம்பத்தக்க சாட்சியாயிற்று.

அவரை வேரில் ஓர் ஆய்வகம்

அணு இயற்பியலில் பெரும்பெயர் ஈட்டும் வாய்ப்பு கைக்கெட்டும் தொலைவில் இருந்த காலத்தில், 1933-இல் கிரே கேவண்டிஷை விட்டு நீங்கி, லண்டனுக்கு வடமேற்கே நார்த்வுட்டில் உள்ள மவுண்ட் வெர்னான் மருத்துவமனையில் இயற்பியலாளராகச் சேர்ந்தார். மருத்துவமனையில் இயற்பியலாளருக்கு என்ன வேலை என்று பலரும் கேட்டிருக்கக்கூடிய காலம் அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கேவண்டிஷில் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்திருந்தார். மின்னூட்டமற்ற இத்துகளைப் புற்றுநோய்க்கு எதிராகப் பயன்படுத்த இயலுமா என்று அறிய விரும்பிய கிரே, ஜான் ரீட் என்பவருடன் சேர்ந்து, 1930-களின் பிற்பகுதியில் நியூட்ரான்களை உண்டாக்கும் கருவி ஒன்றை மருத்துவமனையிலேயே கட்டியெழுப்பினார்.

அக்கருவியின் முன் அவர்கள் வைத்தவை, ஐரோப்பாவில் உணவுக்காகப் பயிராகும் பெரிய அவரையின் முளைத்த விதைகள். அவரை மலிவானது, அதன் வேர் நாள்தோறும் நீளும், வேர்நுனியின் உயிரணுக்கள் புற்றணுக்களைப் போல விரைந்து பிரிவன. ஆகவே, கதிர் பட்ட வேர் எத்தனை மில்லிமீட்டர் குறைவாக வளர்ந்தது என்று அளவுகோலை வைத்துப் பார்த்தே கதிரின் உயிரியல் விளைவைக் கணிக்க முடிந்தது. ஒரே அளவு ஆற்றலைத் தந்தாலும், எக்ஸ் கதிரைவிட நியூட்ரான் வேரை மிகுதியாகக் குலைத்தது. ஆற்றல் ஒன்றாயினும் விளைவு வேறாகும் இந்தப் பண்பே ‘சார்பு உயிரியல் விளைவுத்திறன்’ எனப்படுவது. இந்த ஒப்பீட்டுக்குக் காற்றின் அயனியாக்கத்தை நம்பிய ரான்ட்ஜன் உதவவில்லை என்பதால், திசு ஏற்கும் ஆற்றலையே அடிப்படையாகக் கொண்ட ‘ஆற்றல் அலகு’ ஒன்றை கிரேயும் ரீடும் வகுத்துக்கொண்டனர்.

உயிர்வளி எட்டாத இடம்

அவரை வேர் மற்றொரு செய்தியையும் வைத்திருந்தது. உயிர்வளியாகிய ஆக்சிஜன் குறைந்த சூழலில் கதிரின் தாக்கமும் குறைகிறது என்பதை மவுண்ட் வெர்னானில் மோட்ராம் என்னும் நோயியல் அறிஞர் 1930-களிலேயே கவனித்திருந்தார். போருக்குப் பின் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் பணியாற்றிய கிரே, 1953-இல் உடன் பணியாற்றியோருடன் வெளியிட்ட கட்டுரையில், இந்தக் கவனிப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சையின் மையப் பிரச்சினையாக முன்வைத்தார். ஆக்சிஜன் இல்லாத உயிரணுவைக் கொல்ல, ஆக்சிஜன் உள்ள உயிரணுவுக்குத் தேவையானதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எக்ஸ் கதிர் வேண்டும். அப்படியானால், புற்றுக்கட்டிக்குள் மூச்சுத் திணறிக் கிடக்கும் சில அணுக்கள் சிகிச்சைக்குத் தப்பிப் பிழைத்து, நோய் திரும்பிவரக் காரணமாகலாம் அல்லவா?

அதே ஆண்டில் மவுண்ட் வெர்னானுக்குத் திரும்பிப் பின்னாளில் தம் பெயரையே தாங்கிய ஆய்வகத்தை நிறுவிய கிரேக்கு, இதற்கான விடையின் ஒரு பகுதி 1955-இல் நுண்ணோக்கியின் அடியில் கிடைத்தது. அவரும் உடன் ஆராய்ந்த டாம்லின்சன் என்பவரும் நுரையீரல் புற்றுக்கட்டிகளின் மெல்லிய சீவல்களை ஆராய்ந்தபோது, புற்றணுக்கள் கயிறுகளைப் போலத் திரண்டிருப்பதையும், குருதிக்குழாய்கள் அக்கயிறுகளின் வெளிப்புறத்தில் மட்டுமே ஓடுவதையும் கண்டனர். கயிற்றின் ஆரம் 160 மைக்ரோமீட்டருக்குக் குறைவாக இருந்தபோது உள்ளே எல்லா அணுக்களும் உயிரோடு இருந்தன. 200 மைக்ரோமீட்டரைத் தாண்டியபோதோ நடுப்பகுதி மடிந்து கிடந்தது. ஏறத்தாழ இரண்டு தலைமயிரின் கனமே உள்ள அந்தத் தொலைவு, குருதிக்குழாயிலிருந்து கசியும் ஆக்சிஜன் வழியிலுள்ள அணுக்களால் நுகரப்பட்டுத் தீர்ந்துபோவதற்குக் கணக்கு சொல்லும் தொலைவோடு பொருந்தியது. உயிருள்ள விளிம்புக்கும் மடிந்த நடுப்பகுதிக்கும் இடையே, சாகவும் இல்லாமல் ஆக்சிஜனும் போதாமல் நிற்கும் அணுக்களே கதிருக்குத் தப்பக்கூடியவை என்பது தெளிவாயிற்று.

இதைத் தொடர்ந்து லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நோயாளிகளை உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்குள் வைத்துக் கதிர்வீச்சு தரும் முயற்சி தொடங்கியது. அம்முயற்சி பொதுவழக்காகவில்லை எனினும், சிகிச்சையைப் பல நாள்களாகப் பிரித்துத் தருவதன் நன்மைகளுள் ஒன்று, இன்று கொல்லப்பட்ட அணுக்கள் விலகிய பின் உள்ளிருக்கும் அணுக்களுக்கு ஆக்சிஜன் எட்டுவது என்ற புரிதல் இந்த ஆராய்ச்சி மரபிலிருந்தே வளர்ந்தது.

கிரே 1965 ஜூலை 9 அன்று, 59-ஆம் வயதில் மறைந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1975-இல், எடை–அளவுகளுக்கான பொது மாநாடு, ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உட்கவர்வதற்கு ‘கிரே’ என்று பெயரிட்டது. பேச்சுவழக்கில் ‘கரண்ட் வைப்பது’ எனப்படும் சிகிச்சைக்காகத் தமிழ்நாட்டு மருத்துவமனையொன்றில் வரிசையில் காத்திருக்கும் மார்பகப் புற்றுநோயாளியின் குறிப்பேட்டில் ‘2 கிரே வீதம் 25 நாள்’ என்று எழுதப்பட்டிருந்தால், அந்த எண் அவரைச் சூழ்ந்துள்ள காற்றைப் பற்றியதாக இல்லாமல் அவருடைய உடலைப் பற்றியதாக இருப்பதற்கு, மிளகளவுப் பொந்திலும் அவரை வேரிலும் அளந்து பார்த்த ஒருவரின் உழைப்பே காரணம்.

ஒரே அளவு ஆற்றல், கதிரின் வகைக்கேற்ப வெவ்வேறு கேட்டை விளைவிக்கும் என்றால், கதிரோடு பணிபுரிவோரைக் காக்க எந்த அலகைக் கொள்வது? அந்தக் கேள்வியோடு வாழ்ந்த சுவீடன் அறிஞர் ரால்ஃப் சீவெர்ட் அடுத்த இதழில்.