கழுவக் கழுவ இற்றுப்போகும் தூண்

மரத்தாலான பேருந்து நிழற்குடையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிக் கழுவாதீர்கள். தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் இயந்திரத்தை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பாசி பிடித்த தூணை மறைக்க அதன் மேலேயே பெயின்ட் அடிக்காதீர்கள். பொது இடங்களில் மரவேலைக்குப் பராமரிப்பு என்ற பெயரில் நடப்பவை பெரும்பாலும் இந்த மூன்றும்தான். மூன்றுமே மரத்தின் ஆயுளைக் குறைக்கும். முதலாவது, கழுவுகிறவரின் உடம்பையும் கெடுக்கும்.

மைசூரை வைத்து இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தூய்மை நகரங்களுக்கான மத்திய அரசின் பட்டியலில் 2015இலும் 2016இலும் முதலிடம் பிடித்த ஊர் அது. பௌரகார்மிகர்கள் எனப்படும் துப்புரவுப் பணியாளர்களின் அன்றாட உழைப்பு சம்பாதித்துக் கொடுத்த பெயர். நகரத்து நிழற்குடைகள் பெரும்பாலும் இரும்பும் கான்கிரீட்டும் என்பதால் கழுவிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அரண்மனையும் பழைய கடைவீதியும் உள்ள ஊரில், அழகுக்காக மரத்தில் ஒன்று கட்டலாமே என்று யாருக்கும் ஆசை வரும். கட்டலாம், மரம் அருமையான பொருள். இரும்பைக் கழுவுகிற பழக்கத்தில் அதையும் கழுவத் தொடங்கினால்தான் ஆபத்து.

மரத்தை அழிக்கும் பூஞ்சைக்கு முதலில் வேண்டியது ஈரம். மரத்தில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் ஒன்றும் செய்ய முடியாது. 30 விழுக்காட்டை நெருங்கினால் வேரோடத் தொடங்கிவிடும். பழுப்பு அழுகலை உண்டாக்கும் பூஞ்சை வகைகள் குறிப்பாகப் பொல்லாதவை. மரத்தின் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைவதற்குள்ளேயே அதிர்ச்சியைத் தாங்கும் வலுவில் பாதிக்கு மேல் போய்விடக்கூடும். அந்தக் கட்டத்தில் தூணைப் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. மேலே வார்னிஷ் பளபளக்கும்.

எங்கே பார்க்க வேண்டும் என்று எந்தத் தச்சரைக் கேட்டாலும் தூணின் அடியைத்தான் காட்டுவார். குறுக்கே அறுத்த முனை, பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்த முனையைச் சிமென்ட் தரைக்குள் புதைத்துவிட்டால், தரையைக் கழுவும் தண்ணீர் ஒவ்வொரு நாளும் அங்கேதான் தேங்கும். தரையோடு சேரும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். அழுகல் முற்றிய தூணில் பெயின்ட் தோல் இலேசாகப் புடைத்திருக்கும், அழுத்தினால் உள்ளே மெத்தென்று அமுங்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினால் தடையின்றி இறங்கும். வெளியே இழுத்தால் ஈரமான பழுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். செட்டிநாட்டு வீடுகளில் மரத்தூண்களைக் கல்லின் மேல் நிறுத்தியதற்கு அழகைத் தாண்டிய காரணம் இதுதான்: அடிமுனை தரை ஈரத்தைத் தொடாது.

மூட்டுகளும் அப்படியே. பீய்ச்சியடிக்கும் தண்ணீர் மரத்தின் மென்மையான இழைகளை அரித்து வரிவரியாக்குவதோடு, உத்தரமும் தூணும் சேரும் இடுக்குக்குள் புகுந்து தங்கிவிடும். அதன்மேல் பெயின்டும் அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை. மைதாப் பசை தடவி ஒட்டிய சுவரொட்டிகளும் இதே கெடுதலைச் செய்கின்றன. சுவரொட்டிக்காக அடித்த ஆணி ஒவ்வொன்றும் மழைநீர் உள்ளே போக ஒரு துளை.

மருந்தேற்றிய மரமாயிற்றே, என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்காகவே பிளீச்சிங் பவுடரைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் சேர்த்து அழுத்தத்தில் மரத்துக்குள் செலுத்தும் முறையை 1933இல் உருவாக்கியவர், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோன்டி காமேசம். உலகம் முழுவதும் மின்கம்பங்களையும் வேலிகளையும் பல பத்தாண்டுகள் காத்த கண்டுபிடிப்பு அது. உள்ளே செலுத்தும்போது நச்சு வடிவில் இருக்கும் குரோமியம், மரநாரோடு பிணையும்போது தீங்கு குறைந்த வடிவத்துக்கு மாறிவிடுகிறது. பிளீச்சிங் கரைசல் பட்டால் அது திரும்பவும் அறுமதிப்பு குரோமியமாக மாறக்கூடும். தோலைப் புண்ணாக்குவது, மூச்சோடு உள்ளே போனால் புற்றுநோய் உண்டாக்குவது அது. அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு இந்த மருந்தை ஏற்றுவதை உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். மருந்தேற்றிய மரத்தில் முதலில் இலேசான பச்சை தெரியும். வெயிலில் வெளுத்தபின் அடையாளம் தெரியாது. ஆகவே எந்த மருந்து ஏற்றியது என்று கட்டும்போதே எழுதிவைத்தாக வேண்டும். எழுதிவைக்காத மரத்தை, நஞ்சுள்ளது என்று கருதியே தொட வேண்டும். கையுறை இல்லாமல் பிரஷ் பிடித்துத் தேய்க்கப் போகிறவர் ஒரு துப்புரவுப் பணியாளர். அந்தத் தகவல் அவர் காதுக்குப் போய்ச் சேராமல் அவரை வேலைக்கு அனுப்புவது அநியாயம். கழற்றிய பழைய துண்டுகள் டீக்கடை அடுப்புக்கு விறகாகவும் போகக் கூடாது. எரித்தால் ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் வரும்.

மைசூரின் பழைய அரண்மனை பெரிதும் மரத்தால் ஆனது. 1897இல் இளவரசி ஜெயலட்சுமம்மணியின் திருமணக் காலத்தில் தீப்பற்றி அழிந்தது. ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912இல் முடிந்த இப்போதைய அரண்மனையில் கல்லும் இரும்பும் முன்னுக்கு வந்தன. நெருப்பிடம் அந்த ஊர் பாடம் கற்றது. தண்ணீரிடம் கற்றதாகத் தெரியவில்லை. 1892இல் கட்டிய லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். தேவராஜ மார்க்கெட்டின் வடக்கு வாயில் பகுதி 2016 ஆகஸ்டில் சரிந்தது. மகாராணி அறிவியல் கல்லூரியின் பழைய கட்டடத்தில் ஒரு பகுதி 2022 அக்டோபரில் விழுந்தது. மூன்றும் நடந்தது மழைக்கால மாதங்களில். மரம் மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் முதுமையும் சேர்ந்த கதை அது. ஆனால் அந்தக் காலக் கட்டடங்களில் போட்ட மெட்ராஸ் டெரஸ் என்ற வகைக் கூரையின் முழுப் பாரத்தையும் சுமப்பவை மர உத்தரங்கள். சுவருக்குள் மறைந்த அவற்றின் முனையில் ஈரம் இறங்கினால் கீழே நிற்பவருக்குத் தெரியாது.

2022 நவம்பரில் மைசூரின் ஊட்டி சாலையிலிருந்த ஒரு நிழற்குடையின் கும்மட்டங்களைப் பற்றி நாடே பேசியது. மூன்றில் சிறிய இரண்டை அகற்றினார்கள். கூரையின் வடிவத்துக்குக் கிடைத்த கவனத்தில் கொஞ்சமாவது தண்ணீர் வடியும் குழாய்க்கும் கிடைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது அதிகச் செலவில்லாத வேலை. மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்புத் தண்ணீர், மேலிருந்து கீழாகத் தேய்த்து உடனே துணியால் ஒற்றி எடுப்பது. அதையும் வெயில் ஏறும் காலையில் செய்தால் மாலைக்குள் மேற்பரப்பு காய்ந்துவிடும். எண்ணெய் பூசுவதையும் பழுது பார்ப்பதையும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடித்துவிட வேண்டும். ஏப்ரலில் கோடை மழை தொடங்கினால் அக்டோபர் கடக்கும்வரை மரம் நன்றாகக் காய வாய்ப்புக் குறைவு. கட்டும் ஒப்பந்தத்தில் துப்புரவுக்கு ஒரு தொகை இருப்பதுபோல், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தச்சர் வந்து ஒவ்வொரு தூணின் அடியையும் குத்திப் பார்க்கவும் ஒரு தொகை இருக்க வேண்டும். அது இல்லாத ஒப்பந்தத்தில் மர நிழற்குடைக்குக் கையெழுத்துப் போடாமல் இருப்பதே நல்லது. ஸ்க்ரூ டிரைவர் இறங்கிய தூண் ஒன்று இருந்தாலும், முட்டுக் கொடுத்துச் சரிசெய்யும்வரை அந்தக் கூரைக்குக் கீழே யாரையும் நிற்க விடக் கூடாது, மழை பெய்தாலும் சரி.