உளி தவறினால்...?

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் நடந்து பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வெளிநாட்டிலிருந்து இயந்திரங்களைச் சுமந்து வந்த மரப் பெட்டிகளை உடைத்து, ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளைக் கடை வாசலில் அடுக்கி வைத்திருப்பார்கள். பெஞ்சு செய்கிறவர் வாங்குவார். கோழிக்கூடு கட்டுகிறவர் வாங்குவார். சென்ற வருஷம் நானும் ஒரு பலகை வாங்கினேன். எதற்கென்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக் கூடாது. கிதார் செய்வதற்கு!

தங்கை மகன் பள்ளிக்கூடத்தில் கிதார் கற்றுக் கொள்கிறான். இரவல் வாத்தியத்தில்தான் சாதகம். "மாமா செய்து தருகிறேன்" என்று ஒரு பண்டிகை நாளில், பாயசம் சாப்பிட்ட உற்சாகத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த வாக்கைக் குழந்தைகள் மறப்பதில்லை.

நாலு மாதம் ஞாயிறுதோறும் பாடுபட்டேன். பலகையை 3 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து, இரண்டு துண்டுகளை ஒட்டி, மேல் பலகை தயாராயிற்று. ஒலித் துளையைச் சுற்றி ஓடும் அலங்கார வளையத்துக்காகப் பள்ளம் வெட்டிக் கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். தலையைத் திருப்பினேன். உளி சறுக்கி, மர ரேகையோடு ஓடி, ஒரு விரற்கடை நீளத்துக்குச் சிராயைப் பெயர்த்துவிட்டது.

நாலு மாத உழைப்பு! எனக்குக் கண்ணில் நீர் வராத குறைதான்.

ஆசாரியாரின் மூன்று கேள்விகள்

திருமுல்லைவாயிலில் எனக்குத் தெரிந்த ஆசாரியார் ஒருவர் இருக்கிறார். இப்போது கதவு, ஜன்னல் வேலைதான் செய்கிறார். ஆனால் இளம் வயதில் தஞ்சாவூரில் வீணைப் பட்டறையில் கை பழகியவர். பலகையைத் துணியில் சுற்றிக் கொண்டு அவரிடம் ஓடினேன். அவர் அதை விளக்குக்கு எதிரே பிடித்தார். விரலால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார்.

"தம்பி, மூணு விஷயம் பார்க்கணும். காயம் ஆழமா, மேலோட்டமா? அந்த இடம் பாரம் தாங்குதா? சத்தத்தைக் கெடுக்குதா? மூணுக்கும் பதில் நல்லதா இருந்தா, அப்புறம் அது கண்ணுக்கு மட்டும்தான் தப்பு. கண்ணுக்கு வேலை செய்யறது நம்ம கையிலே இருக்கு."

மரத் தச்சில் பிழையை மறைக்கும் உபாயங்கள் பல. மரம் நசுங்கி, நார் அறுபடாமல் இருந்தால் மிகவும் சுலபம். ஈரத் துணியை அதன்மேல் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் தொட்டால் போதும். நீராவி ஏறி நார்கள் உப்பி, பள்ளம் மேலே எழும்பும்.

நார் அறுந்திருந்தால் மக்கு வைக்க வேண்டும். அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அப்பி, காய்ந்தபின் உப்புத்தாள் போடுவார்கள். இதற்கு இப்போது பலரும் உபயோகிப்பது, நொடியில் பிடித்துக் கொள்ளும் அந்தச் 'சூப்பர்' பசை. அந்தப் பசையின் பிறப்பே ஒரு வேடிக்கை. 1942-ல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய ஹாரி கூவர் என்ற ரசாயன நிபுணரின் குழு, இது தொட்டதையெல்லாம் பிடித்துக் கொள்கிறதே என்று ஒதுக்கிவிட்டது. அந்தக் குற்றமே அதன் குணம் என்று பின்னால் புரிந்தது. 1958-ல் கடைக்கு வந்தது. பிழையை ஒட்டும் பசையே ஒரு பிழையில் பிறந்ததுதான்!

"உன் பலகைக்கு மக்கு உதவாது" என்றார் ஆசாரியார். ஈட்டி மரம் போன்ற கறுத்த மரத்தில் மக்கு தெரியாது. வெளுத்த மரத்தில் பசை ஊறிய தூள், சுற்றியுள்ள மரத்தைவிடக் கறுத்துப்போய், 'இதோ இருக்கிறேன்' என்று காட்டிக் கொடுத்துவிடும். அங்கே அதே பலகையில் மெல்லிய சிம்பு சீவி, ரேகைக்கு ரேகை பொருத்தி ஒட்டவேண்டும்.

வீணையின் பட்டை

"ஒட்டு வீணை பார்த்திருக்கியா?" என்று திடீரென்று கேட்டார்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கும். பலா மரத்தில் செய்வது அது. ஒரே மரத்தில் குடைந்து எடுத்தால் ஏகாந்த வீணை. குடம், தண்டி, யாளி முகம் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. குடமும் தண்டியும் சேருமிடத்தைச் சுற்றி, சித்திர வேலையோடு ஒரு பட்டை எடுப்பாக ஓடும். முன்பு தந்தத்திலும் மான் கொம்பிலும் இழைத்தார்கள், இப்போது பிளாஸ்டிக். ஒட்டு தெரியக்கூடாத இடத்தில்தான் கண்ணைக் கவரும் அலங்காரம் உட்கார்ந்திருக்கிறது!

கிதாரிலும் இதே தந்திரம். மேல் பலகையும் பக்கப் பலகையும் சேரும் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டாற்போல் ஒரு கட்டு ஓடுகிறதே, அது வெறும் அழகுக்கல்ல. இணைப்பை மூடுகிறது; பலகையின் வெட்டு முனை வழியே ஈரம் ஏறாமல் காக்கிறது. வயலின் ஓரத்தில் பதித்திருக்கும் கறுப்புக் கோடு, ஓரத்தில் கண்ட விரிசல் உள்ளே ஓடாமல் தடுக்கிறது.

மறைக்கக் கூடாதவை

அப்படியானால் எல்லாவற்றையும் அலங்காரத்தில் மூடிவிடலாமா? இந்தக் கேள்விக்கு ஆசாரியார் முகம் சற்றுக் கடுத்தது.

எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் அந்த மெல்லிய பலகையைப் பிடித்துத் தொங்குவதாக வைத்துக் கொள்ளுங்கள். கழுத்தில் விரிசல், உட்புறத் தாங்கு கட்டைகளில் ஒட்டாத பசை, இவற்றை மூடி மெருகிட்டால் ஒரு நாள் பிளந்தே தீரும். தந்தியின் நீளத்தில் பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில் வரவேண்டும். குதிரை நாலைந்து மில்லிமீட்டர் தள்ளி ஒட்டப்பட்டால், வாத்தியம் ஆயுள் முழுவதும் அபசுவரம்தான். கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்ற முடியாது.

மேல் பலகை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்பெயின் தேசத்தில் ஒரு சாட்சி உண்டு. அந்தோனியோ டி டோரஸ் என்ற மேதை 1862-ல் பக்கங்களையும் முதுகையும் காகிதக் கூழால் செய்து, மேல் பலகையை மட்டும் மரத்தால் செய்து ஒரு கிதார் படைத்தார். நாதம் பெரும்பாலும் மேல் பலகையில்தான் இருக்கிறது என்று நிரூபிக்கவே அந்தப் பரீட்சை. என் உளி சறுக்கியதோ அந்த மேல் பலகையில்!

மறைக்காமலே பெருமை தேடிக் கொண்டவரும் உண்டு. அமெரிக்காவில் பாப் டெய்லர் என்ற கிதார் தொழிலதிபர் 1995-ல், சாமான் அடுக்கும் பழைய பலகைத் தட்டை உடைத்து ஒரு கிதார் செய்தார். விலையுயர்ந்த மரத்தைவிடச் செய்யும் கைதான் பெரிது என்று காட்டுவது அவர் நோக்கம். ஆணித் துளைகளை ஒளிக்கவில்லை; அலுமினியம் பதித்து எடுத்துக் காட்டினார். நம் தொழிற்பேட்டை வாசலில் கிடக்கும் பலகைக்கு எத்தனை கௌரவம்!

முடிவு என்ன?

என் காயம் ஆழமில்லை. ஆசாரியார் யோசனைப்படி வளையத்தின் அகலத்தைச் சுற்றிலும் ஒரு விரற்கடை கூட்டினேன். பெயர்ந்த இடம் முழுவதும் புதிய பள்ளத்துக்குள் போய்விட்டது. ஈட்டி மரத்தில் கறுப்பு வளையம் ஒன்று பதித்தேன். பள்ளம் அகன்றதால் பலகை இளைத்திருக்குமே என்று, அடிப்பக்கத்தில் துளையைச் சுற்றி மெல்லிய பலகை ஒன்றை ஒட்டிப் பலப்படுத்தினேன்.

முதுகுப் பலகையை ஒட்டி மூடப்போகும் சமயம், ஆசாரியார் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். "உள்ளே எழுது தம்பி."

"என்ன எழுத?"

"இந்த இடத்திலே உளி தவறிச்சுன்னு தேதி போட்டு எழுது. நாளைக்கு இதைப் பிரிச்சு ரிப்பேர் பண்றவனுக்கு விஷயம் தெரியணும். பார்க்கிறவன் கண்ணுக்கு மூடலாம். வேலை செய்யறவனுக்கு மூடக்கூடாது. விலைக்குக் கொடுக்கிறதா இருந்தா வாங்கறவனுக்கும் சொல்லிடணும்."

எழுதினேன்.

கிதாரை வாங்கிய பையன் முதலில் தடவிப் பார்த்தது அந்தக் கறுப்பு வளையத்தைத்தான். "இது ரொம்ப அழகா இருக்கு மாமா!" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டேன். சின்னக் கண்ணாடியையும் டார்ச் விளக்கையும் கொண்டு வந்து துளைக்குள் பார்த்தான். என் பென்சில் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தான்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் கிதாரை வாசித்துக் காட்டுவதற்கு முன்னால், டார்ச் அடித்து அந்த எழுத்தைத்தான் காட்டுகிறான்!